குளிர் நம்ம பக்கம்

டிசம்பர் 3, செவ்வாய்

கோச் சிவநேசன் சார் அணியில் எல்லாரையும் டைரி எழுதச் சொல்லியிருக்கிறார். என்ன சாப்பிட்டோம், எப்படித் தூங்கினோம், பயிற்சியில் என்ன செய்தோம் என்று தினமும் எழுத வேண்டுமாம். பெரிய அணிகளில் எல்லாம் அப்படித்தானாம். மற்றவர்கள் எழுதப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். நான் கேப்டன், எழுதாமல் இருந்தால் நன்றாக இருக்காது. வாங்கிப் பார்ப்பேன் என்று சார் மிரட்டியிருக்கிறார். அதனால் நல்ல விஷயமாகவே எழுத உத்தேசம்.

பெயர் எட்வின். மேல்சோலை அணியின் கோல்கீப்பர். வயது முப்பத்து நான்கு. காலை: பன், டீ. மதியம்: சோறு, அவரைக் குழம்பு. தூக்கம்: நன்று.

இன்று நீர்ப்பனி விழுந்தது. புல் நனைந்து கிடந்ததே தவிர உறையவில்லை. டீக்கடையில் எல்லாருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்து வருவது உறைபனி. அது விழுந்தால் இந்த ஊரில் உருளைக்கிழங்குச் செடி கருகும், தேயிலை கருகும். கால்பந்துக்காரர்கள் மட்டும் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்த மாதிரி சந்தோஷப்படுவார்கள். "குளிர் நம்ம பக்கம்" என்பதுதான் எங்கள் அணியின் வேதம். கீழிருந்து எவ்வளவு பெரிய அணி வந்தாலும் சரி, மூச்சு வாங்கி, மூக்கு ஒழுகி, தோற்றுப்போய்த்தான் பஸ் ஏறும்.

வேலை: போஜண்ணாவின் கேரட் மிஷின். மூட்டையைத் தொட்டியில் கொட்டி, மண் போகக் கழுவி, கையால் தரம் பிரித்து, மேட்டுப்பாளையம் லாரியில் ஏற்ற வேண்டும். அவர்தான் அணிக் கமிட்டியின் தலைவரும். தண்ணீர் ஓடையிலிருந்து நேராக வருகிறது. ஜில்லென்று இருக்கும். பழகிவிட்டது.

டிசம்பர் 8, ஞாயிறு

அரையிறுதி. கோயம்புத்தூர் அணியை 1-0 கணக்கில் ஜெயித்தோம். கடைசிப் பத்து நிமிடத்தில் நான் பாய் விரித்தேன்.

பாய் விரிப்பது என்றால் என்ன என்று சாருக்கு விளக்க வேண்டியதில்லை, கண்டுபிடித்ததே அவர்தான். கீழிருந்து வருகிறவன் ஓடும் வரை அவனுக்குக் குளிர் தெரியாது. நிறுத்தினால் வியர்வை ஆறும், உடம்பு விறைக்கும், கால் பிடித்துக்கொள்ளும். ஆகவே நாம் முன்னால் இருக்கும்போது கோல்கீப்பர் விழ வேண்டும். கையையோ காலையோ பிடித்துக்கொண்டு புரள வேண்டும். நம் ஆட்கள் நின்ற இடத்திலேயே மெல்லக் குதித்துக்கொண்டிருப்பார்கள். எதிராளிகள் சும்மா நிற்பார்கள். நான் எழுந்திருக்கும்போது எதிரணியில் பாதிப் பேர் மரக்கட்டை.

இந்தக் கலையில் மாவட்டத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. இன்று கோயம்புத்தூர்க்காரர்களின் மருத்துவரே என்னை நம்பி ஓடிவந்து ஸ்ப்ரே அடித்தார். பாவம், நல்ல மனிதர்.

அவர்கள் அடித்த ஒரு பந்து என் கையிலிருந்து நழுவியது உண்மைதான். கிளவுஸ் பழசு.

டிசம்பர் 10, செவ்வாய்

கமிட்டிக் கூட்டம். பொங்கல் கோப்பை இறுதிப் போட்டி ஜனவரி 12. எதிரணி கன்னியாகுமரிப் பக்கத்து மீனவ ஊர். மூன்று வருடமாக யாரிடமும் தோற்காதவர்களாம். வழக்கமாக மாலை மூன்று மணிக்குத்தான் இறுதி ஆட்டம். போஜண்ணா எழுந்து, "காலைல ஏழரைக்கு வச்சுக்கலாங்க. உறைபனி அப்படியே இருக்கும். கடக்கரைக்காரன் கால் வைக்கட்டும் பாக்கலாம்" என்றார். கூடமே கை தட்டியது.

ஜெரால்டு மட்டும் எழுந்தான். அவன் என் மனைவி ரோஸ்லினின் தம்பி, எங்கள் வீட்டில்தான் இருக்கிறான், அணியின் இரண்டாவது கோல்கீப்பர், எம்.காம். படித்தவன். கடைசியாகச் சொன்னதுதான் அவனுடைய பெரிய குறை. "பழைய ஆட்டமெல்லாம் எடுத்துப் பாத்தேன் சார். நம்ம ஊர்ல நாம நல்லாத்தான் ஆடறோம். ஆனா பனிக்காலத்துலயும் வெயில்காலத்துலயும் ஒரே மாதிரிதான் ஜெயிக்கறோம். குளிர்னால ஒண்ணும் கூடுதலா இல்ல. சொந்த கிரவுண்டு, சொந்த ஜனம், அவ்வளவுதான்."

சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப நான் இருபது வருஷமா என்ன மயித்துக்குடா பாய் விரிக்கச் சொல்லித் தந்தேன்?" என்றார். கூடம் சிரித்தது.

போஜண்ணா என் பக்கம் திரும்பினார். "கேப்டன் என்ன சொல்றாப்ல?"

காலையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

டிசம்பர் 14, சனி

உறைபனி. மைதானம் உப்புக் கொட்டிய மாதிரி. போஜண்ணா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோல்போஸ்ட் அருகே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

காலையில் சட்டைப் பொத்தானை ரோஸ்லின் போட்டுவிட்டாள். பொத்தான் மிகவும் சின்னதாக இருக்கிறது. கடையில் சொல்லி மாற்ற வேண்டும்.

டிசம்பர் 17, செவ்வாய்

பயிற்சி. புதுப் பந்து, வழுக்குகிறது. காலை: இரண்டு முட்டை.

டிசம்பர் 19, வியாழன்

ரோஸ்லின் விடாமல் நச்சரித்ததால் குன்னூரில் ஒரு டாக்டரிடம் போனோம். அவளுக்குத்தான் உடம்பு சரியில்லை என்று மிஷினில் சொல்லி லீவு வாங்கினேன்.

டாக்டர் ஒரு கிண்ணத்தில் ஐஸ் தண்ணீர் வைத்து என் கையை அதில் விடச் சொன்னார். விட்டேன். எடுத்தபோது நடுவிரலும் மோதிர விரலும் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளை. பாதி விரலில் கோடு போட்டது போல நிறம் நின்றிருந்தது. ஊசியால் குத்தினாராம். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எத்தனை வருஷமா இருக்கு?"

ஒன்று என்றேன். ரோஸ்லின் இருமினாள். மூன்று என்றேன்.

"குளிர் பட்டா ரத்தக் குழாய் இறுக்கிக்குது. சிலருக்கு உடம்பே அப்படி. ஐஸ் தண்ணில வேலை பாத்தா இன்னும் மோசம். இப்படியே விட்டீங்கன்னா நுனியில புண்ணு வரும், அழுகும். அப்புறம் விரல எடுக்க வேண்டி வரும். ஈர வேலைய விடுங்க. முடிஞ்சா இந்தக் குளிர விட்டே கீழ போயிடுங்க."

"குன்னூருக்குங்களா?"

"இதுவே குன்னூர்தாங்க. இன்னும் கீழ."

மாத்திரை எழுதித் தந்தார். போட்டால் தலை வலிக்கிறது. இந்தப் பக்கத்தை சார் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். சாருக்குக் கிட்டத்தில் இருக்கும் எழுத்து தெரியாது, கண்ணாடியும் போட மாட்டார். ஆகவே எழுதலாம்.

பயமாக இருக்கிறது.

டிசம்பர் 21, சனி

சண்டை.

ரோஸ்லின் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தாள். "சார்கிட்ட சொல்லிடுங்க. விரல விடப் பெருசா உங்களுக்குக் கோப்பை?"

மேல்சோலையில் ஒருத்தன் தனக்குக் குளிர் தாங்கவில்லை என்று சொல்வது எப்படிப்பட்ட விஷயம் என்று அவளுக்குத் தெரியாதா? அவளும் இந்த ஊர்தானே. இங்கே சின்னப் பிள்ளை ஸ்வெட்டர் கேட்டால்கூட, "என்னடா, மேட்டுப்பாளையத்துக்காரனா நீ?" என்பார்கள். ஜனவரி மாதத்தில் குழாயடியில் பச்சைத் தண்ணீரில் குளிப்பதுதான் இங்கே ஆம்பளைக்கு அடையாளம். பதினெட்டு வயதிலிருந்து அந்தக் கோலில் நிற்கிறேன். என்னிடம் வேறென்ன இருக்கிறது? நிலமா, படிப்பா? ஞாயிற்றுக்கிழமை தெருவில் நடந்தால் "கேப்டன்" என்று நாலு பேர் கூப்பிடுகிறார்கள். அவ்வளவுதான் என் சொத்து.

இதையெல்லாம் நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னது வேறு. "நான் ஒதுங்கினா யாரு நிப்பா? உன் தம்பி. அதுக்குத்தான் இத்தன அக்கறையா?"

அவள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.  ஜெரால்டு அடுத்த அறையில்தான் இருந்தான். அவன் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினான்.

இரவு: சாப்பிடவில்லை.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ். கோயிலில் சமாதானம் சொல்லும் நேரத்தில் எல்லாரும் கை கொடுத்தார்கள். நான் கும்பிட்டுச் சமாளித்தேன். ரோஸ்லின் பேசுகிறாள், ஆனால் கையைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. தம்பிக்காகப் பேசுகிறாள் என்று நான் மறுபடி சொல்லிவிடுவேனோ என்று பயப்படுகிறாள். அவள் வாயை நானே அடைத்துவிட்டேன்.

கேக் நன்றாக வந்திருந்தது.

ஜனவரி 4, சனி

இன்று சாரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து போனேன். பயிற்சி முடிந்து அவர் கோன்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை.

"சார், எனக்குக் கை கொஞ்சம்..."

"நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றார். "கைதான் சரி. போன தடவ கால பிடிச்சுக்கிட்டு உருண்டே, ரெப்ரீக்கு டவுட் வந்துருச்சு. இந்தத் தடவ கையப் பிடிச்சுக்கோ. வலது கை. விரல் போயிடுச்சுன்னு கத்து. என்னப் பாத்து, 'சார், மாத்துங்க'ன்னு கூப்பிடு. நம்பாதவனும் நம்புவான்."

 சரி சார் என்றேன். என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அவர் நல்லவர். பன்னிரண்டு வருடமாக என் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் வந்து நிற்கிறார். கெட்டவராக இருந்தாலாவது அவர்மேல் கோபப்பட்டுத் தொலைக்கலாம்.

ஜனவரி 9, வியாழன்

புது ஏற்பாடு. இரண்டு உருளைக்கிழங்கை வேகவைத்து, சூடாகத் துணியில் சுற்றி, பேண்ட் பையில் வைத்துக்கொண்டால் கால் மணி நேரம் கை உயிரோடு இருக்கிறது. பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது கையைப் பையில் விட்டுக்கொள்ளலாம். ரோஸ்லின் தானாகவே செய்து கொடுத்தாள். 

இன்று பயிற்சியில் டைவ் அடித்தபோது ஒரு கிழங்கு வெளியே உருண்டு விழுந்தது. சார் அதை எடுத்துப் பார்த்தார். "என்னடா இது?"

"பசிக்குங்க சார்."

"ஆட்டத்துலயுமா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஊர் முழுக்க அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஜனவரி 11, சனி

கடற்கரைக்காரர்கள் வந்து இறங்கினார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே எல்லாருக்கும் குரங்குக் குல்லா, மேலே போர்வை, பல்லெல்லாம் தந்தி அடிக்கிறது. "ஏசுவே, மக்கா, இது என்ன ஊருடே!" என்று ஒருத்தன் கத்தினான். எங்கள் ஆட்கள் டீக்கடை வாசலில் அரைக்கை பனியனோடு நின்று சிரித்தார்கள். நானும் அரைக்கை பனியன்தான். கேப்டன் அல்லவா?

அவர்கள் கொஞ்சமும் வெட்கமில்லாமல் நடுங்கினார்கள். கையை அக்குளில் வைத்துக்கொண்டார்கள், வாயில் வைத்து ஊதினார்கள், அடுப்புப் பக்கம் போய் நின்று, "அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளும்" என்றார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஜனவரி 12, ஞாயிறு

2-1. ஜெயித்தோம். இடது கையால் எழுதுகிறேன்.

ஜனவரி 14, செவ்வாய்

மெனக்கெட்டு இடது கையால் எழுதினால் நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. அதனால் நான் சொல்லச் சொல்ல ரோஸ்லின் எழுதுகிறாள். நான் சொல்வதை மட்டும் எழுத வேண்டும் என்று பேச்சு.

(பேச்சு அவர் பக்கம்தான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ரோஸ்லின்.)

ஆட்டம். நல்ல உறைபனி. டாஸ் போட நடுமைதானத்துக்குப் போனேன். கேப்டன்கள் கை கொடுக்க வேண்டும், கிளவுஸைக் கழற்றினேன். அவர்கள் கேப்டன் ரெஜின், முன்கள ஆட்டக்காரன், என் கையைப் பிடித்தவன் விடவில்லை. "என்ன அண்ணே, பெட்டியில போட்ட மீனு கணக்கா கெடக்கு?" என்றான். உருளைக்கிழங்கு ஆறிப்போயிருந்தது. நான் சிரித்துவைத்தேன். டாஸில் அவன் ஜெயித்தான். சூரியனைப் பார்த்தான், கற்பூர மரங்களின் நிழலைப் பார்த்தான், நிழல் விழுந்த பாதியை எங்களுக்குக் கொடுத்தான்.

முதல் நிமிடத்திலிருந்தே அவர்கள் தூரத்திலிருந்து அடித்தார்கள். இருபது கஜம், முப்பது கஜம், எங்கிருந்து வேண்டுமானாலும். கடற்கரைக்காரர்களுக்கு அப்படி ஒரு பழக்கம் போலிருக்கிறது.

(பழக்கமாம். அவன் கையைப் பிடித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டான். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே புரிந்தது.)

கால் மணி நேரத்தில் இரண்டு கையும் போய்விட்டது. இருக்கிறது, ஆனால் என்னுடையது இல்லை. பந்து வருகிறது, நான் நீட்டுகிறேன், பட்டதா இல்லையா என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மார்பால் தடுத்தேன், முழங்கையால் தட்டினேன், காலால் உதைத்தேன். ஜனங்கள், "கேப்டன் இன்னிக்குப் புது ஸ்டைல்!" என்று விசிலடித்தார்கள். நடுவில் நம் ரபீக் ஒரு கோல் போட்டான். 1-0.

இடைவேளையில் டீ டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. ஜெரால்டு யாரும் பார்க்காதபடி முன்னால் வந்து நின்று, டம்ளரை என் வாயில் வைத்துக் குடிக்கவைத்தான். "மாமா, நான் சொல்லட்டுமா?" என்றான். உட்காருடா என்றேன்.

(நீங்கள் அவனை அப்போது ஒரு கெட்ட வார்த்தை சொன்னீர்கள். எழுதாவிட்டாலும் நடந்தது நடந்ததுதான்.)

சரி, சொன்னேன். இரண்டாவது பாதியில் வெயில் பக்கம் வந்தேன். ஆனாலும் கை திரும்பவில்லை. குழந்தைகூடப் பிடிக்கக்கூடிய பந்து ஒன்று என் இரண்டு கைக்கும் நடுவில் புகுந்து உள்ளே போனது. 1-1. யாரும் திட்டவில்லை. பந்தில் பனி, வழுக்கிவிட்டது என்றார்கள். பிறகு கார்னரில் நம் ஆள் தலையால் முட்டி 2-1.

கடைசிப் பத்து நிமிடம். ரெஜின் ஓடிவந்தான், நான் காலடியில் பாய்ந்தேன், அவன் பூட்ஸ் என் வலது கையில் ஏறியது. எழுந்து உட்கார்ந்தேன். கிளவுஸுக்குள் மோதிர விரல் ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது. விரல் இருக்க வேண்டிய திசை அது இல்லை. வலி கொஞ்சமும் இல்லை. வேறு யாருடைய விரலையோ பார்ப்பது போலப் பார்த்தேன். அப்போதுதான் உண்மையிலேயே பயந்தேன். விரலைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனால்கூட எனக்குத் தெரியாது என்று தோன்றியது.

கோப்பை, ஊர் எல்லாம் விட்டுப்போயிற்று. சாரைப் பார்த்துக் கத்தினேன். "சார்! முடியல! விரல் போயிடுச்சு! மாத்துங்க சார்!"

சார் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

ரபீக் என் மேல் குனிந்து, "அண்ணா, பிச்சு உதறறீங்க. இன்னும் ரெண்டு நிமிஷம் இழுங்க" என்றான். நம் ஆட்கள் எல்லாரும் அவரவர் இடத்தில் குதித்துக்கொண்டிருந்தார்கள். "நெஜம்டா, நெஜமாத்தான் சொல்றேன்" என்றேன். அவன் கண்ணடித்தான். அழுகை வந்துவிட்டது. அழுதேன். ஓரத்திலிருந்து, "கண்ணீரே வருதுடா!" என்று யாரோ கை தட்டினார்கள். ஜெரால்டு ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டு எழுந்தான். சார் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். "உக்காரு, அது பாய்" என்றாராம்.

என்னை நம்பியது ஒரே ஒருத்தன். ரெஜின். அவன்தான் குனிந்து கையைப் பார்த்தான். "சாரே, இது நெசந்தான். ஆளு விரலு ஒடிஞ்சு கெடக்கு" என்று நடுவரிடம் சொன்னான். நடுவர் எங்களை நன்றாக அறிந்தவர். நேரம் கடத்தியதற்காக எனக்கு மஞ்சள் அட்டை காட்டினார்.

(நான் எழுந்து ஓடினேன். கயிற்றுக்கு அப்பால் போகக் கூடாது என்று கமிட்டிக்காரர்கள் தடுத்தார்கள். "அக்கா, கேப்டன் நடிக்கறாருக்கா, பயப்படாதீங்க" என்றார்கள். எனக்கே சொல்கிறார்கள்.)

எழுந்து நின்றேன். வேறு வழி? அதற்குள் கடற்கரைக்காரர்கள் எல்லாரும் விறைத்துப்போயிருந்தார்கள். ஒருத்தனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கடைசியாக ரெஜினுக்கு நல்ல பந்து கிடைத்தது, ஆளே இல்லை, நானும் அவனும்தான். அடித்தான், கால் வழுக்கிப் பந்து கோலுக்கு மேலே போய்விட்டது. விசில்.

தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. அந்த நேரம் பார்த்து விரல்களுக்கு ரத்தம் திரும்பியது. ஒடிந்த வலி, ரத்தம் திரும்பும் எரிச்சல், எல்லாம் சேர்த்து ஒரே மூச்சில். தோளில் இருந்தபடியே அலறினேன். அவர்களும் சேர்ந்து அலறினார்கள்.

இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. கட்டுப் போட்டிருக்கிறது. பொங்கலுக்கு ரோஸ்லின் ஊட்டிவிட்டாள்.

(ஊட்டிவிட்டேன். கையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று ஒரு முறை சொன்னதற்கு எனக்குக் கிடைத்த பேச்சையும் எழுதலாமா என்றேன். வேண்டாம், மன்னிச்சிடு என்றார். எழுதிக்கொள்கிறேன்: மன்னிப்புக் கேட்டார்.)

ஜனவரி 19, ஞாயிறு

ரோஸ்லின் எழுதுகிறாள்.

சமுதாயக் கூடத்தில் பாராட்டு விழா. பெரிய பேனர். அதில் என் படம், பக்கத்தில் வெள்ளையாகப் பனி, மேலே "குளிர் நம்ம பக்கம்". சார் பேசும்போது, "நடிப்பு தத்ரூபமா இருக்கணும்னு வெரலையே ஒடிச்சுக்கிட்டான்யா!" என்றார். கூடம் அதிர்ந்தது. ஜெரால்டின் கணக்கு என்ன ஆயிற்று என்று ஒருத்தர் கேட்டார். 

பிறகு போஜண்ணா மைக்கைப் பிடித்தார். கூட்டுச் சேர்ந்து கட்டிய குளிர்பதனக் கிடங்கு பிப்ரவரியில் திறக்கிறதாம். கேரட், பீட்ரூட், பூண்டு எல்லாம் உள்ளே வைத்து விலை வரும்போது விற்கலாமாம். "அதுக்கு சூப்பர்வைசர் ஒருத்தர் வேணுங்க. நிரந்தர வேலை, மாசச் சம்பளம். உள்ளயே இருந்து பாத்துக்கணும். வெளியூர் ஆள் ஒருத்தனும் தாங்க மாட்டேங்கறான். குளிருக்கு நம்ம கேப்டன விட்டா இந்த மலையில யாருங்க இருக்காங்க?"

விசில் அடங்க வெகு நேரமாயிற்று. மாலை போட்டு, மைக்கை என் கையில் கொடுத்தார்கள். எத்தனை முறை விழுங்கியதோ, இன்றைக்கு வெளியே வந்துவிட்டது.

"எனக்குக் குளிர் ஆகாதுங்கண்ணா" என்றேன். "மூணு வருஷமா. குளிர் பட்டா ரெண்டு கையும் செத்துப்போயிடும். டாக்டர் கீழ போகச் சொல்லியிருக்காருங்க."

 கூடமே வெடித்துச் சிரித்தது. போஜண்ணா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சார் எழுந்து நின்று கை தட்டினார். "பாருங்க, மேடையிலயும் பாய் விரிக்கறான்!" என்றார். எல்லாரும் அவ்வளவு பிரியமாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

(நான் சிரிக்கவில்லை. மேடைக்குப் போய் நானே சொல்லிவிடுவது என்று எழுந்தேன். படியேறியதும் போஜண்ணாவின் மனைவி, "வாம்மா, வா, நீயும் வா" என்று கட்டிப்பிடித்து எனக்குப் பொன்னாடை போர்த்திவிட்டார். போட்டோ எடுத்தார்கள். நான் பேசியது மேளத்தில் கேட்கவில்லை.)

ஜனவரி 20, திங்கள்

போஜண்ணா வீட்டுக்குப் போய் நேரில் சொன்னோம். இரண்டு பேரும் போனோம். டாக்டர் சீட்டையும் காட்டினோம். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"டாக்டருங்க அப்படித்தான் சொல்வாங்க எட்வின். பழகிட்டா சரியாயிடும். ஊரே உன் பேரச் சொல்லி சந்தோஷமா இருக்கு. இப்பப் போயி இத வெளிய சொன்னா, கடக்கரைக்காரங்க கோப்பையத் திருப்பிக் கேப்பாங்க, தெரியுமில்ல? ஒடிஞ்ச விரலோட ஆட வச்சாங்கன்னு போட்டிச் செயலாளர்கிட்ட ஏற்கனவே புகார் எழுதிட்டுப் போயிருக்காங்க. நடிப்புன்னா நடிப்பு, அத நாம பாத்துக்கலாம். நெஜம்னு ஆயிட்டா, அடிபட்ட ஆள நிறுத்தி வச்சு ஆடினோம்னு கோச் சாருக்குத்தான் அசிங்கம்." பிறகு மெதுவாக, "மிஷின் வேலைக்கு வேற ஆள் போட்டாச்சுப்பா" என்றார்.

திரும்பி நடந்து வந்தோம். ரோஸ்லின் திருப்பூரில் இருக்கும் அவள் அக்காவைப் பற்றிப் பேசினாள். அங்கே போய் என்ன செய்வது என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

ரோஸ்லின் எழுதுகிறேன். கட்டைப் பிரித்தாயிற்று, ஆனால் இன்று அவரால் பேனா பிடிக்க முடியவில்லை.

கிடங்கில் முதல் நாள் வேலை. காலையில் சாரே வீட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனார். வாசலில் தேங்காய் உடைத்தார்கள். கதவு ஒரு முழம் கனம், வெளியிலிருந்து இருவர் சேர்ந்து தள்ள வேண்டியிருந்தது. சாயங்காலம் வந்தார், காலணியைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

எழுது என்றார். எழுதினேன்: வேலை சுலபம். கம்பளிக் கோட்டு கொடுத்திருக்கிறார்கள். மதியம்: சாம்பார் சோறு. எல்லாரும் மரியாதையாக நடத்துகிறார்கள்.

"கை எப்படி இருக்கு? அதையும் சொல்லுங்க, எழுதணும்" என்றேன்.

இரண்டு கையையும் விளக்குக்குக் கீழே விரித்துப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஜெரால்டு வெந்நீர் கொண்டுவந்து வைத்தான்.

"நீ தொடறியா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"அப்ப அத எழுது" என்றார்.